சோதனை வயல் யாருடையது?

வரப்போரம்: வாசகர் கேள்வி பதில்

பதில் எழுதுபவர் 33 ஆண்டுகள் வேளாண்மை விரிவாக்கப் பணியில் இருந்து ஓய்வுபெற்றவர். இந்த முறை வந்த கடிதங்களில் பல, உழவர்கள் தாங்களே செய்து பார்க்கும் புதுமைகளைப் பற்றியவை. அவற்றை மட்டும் தொகுத்திருக்கிறோம்.

கேள்வி: எங்கள் ஊரில் ஒரு கூட்டம் நடந்தது. நாற்பது பேர் போனோம். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, தேநீர், புகைப்படம். மேடைக்குப் பின்னால் ‘உழவர் பங்கேற்பு’ என்று பதாகை. எங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பங்கேற்பு என்றால் இவ்வளவுதானா?
– ஓர் உழவர், பாபநாசம் வட்டம், தஞ்சாவூர்

பதில்: இல்லை ஐயா, இவ்வளவு இல்லை. உங்கள் கடிதத்தைப் படித்தபோது மனம் கனத்தது. அப்படிப்பட்ட பதாகையின் கீழ் அமர்ந்து கையெழுத்து வாங்கியவர்களில் நானும் ஒருத்தி. அதனால் என் அனுபவத்திலிருந்தே தொடங்குகிறேன்.

1990-களின் தொடக்கம். தாமிரபரணிப் பாசனத்தில் ஒரு கிராமத்தில் புது நெல் ரகத்துக்குச் செயல்விளக்கத் திடல் போட்டேன். விதை நாங்கள் கொடுத்தது. உரமும் நாங்கள் கொடுத்தது. எந்த வயல் என்பதையும் நாங்களே முடிவு செய்தோம்: சாலையோரம், மேலதிகாரிகள் வண்டியை நிறுத்திப் பார்க்க வசதியான இடம். பிசானப் பருவம், அதாவது மாசி பங்குனியில் அறுவடையாகும் நெல் பருவம். விளைச்சல் அருமையாக வந்தது. அந்த வயல்காரரின் பழைய ரகத்தைவிட ஏக்கருக்கு ஐந்து மூட்டை கூடுதல். அறிக்கை எழுதினேன், பாராட்டும் பெற்றேன். மறு வருடம் பிசானத்தில் போய்ப் பார்த்தால் அதே வயலில் பழைய ரகம் நிற்கிறது. ஏன் என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. “நெல்லைத்தானே அம்மா எடை போட்டீர்கள், வைக்கோலை யார் பார்த்தார்கள்? குட்டை ரகம். நான்கு மாட்டுக்கு வைகாசி வரை வைக்கோல் போதவில்லை, விலைக்கு வாங்கினேன்” என்றார்.

என் அறிக்கையில் வைக்கோல் என்ற சொல்லே இல்லை. திடல் போடுவதற்கு முன்னால் ஒரு மாலை அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தால் அவரே சொல்லியிருப்பார். நான் உட்காரவில்லை. அன்றிலிருந்து பங்கேற்பை ஒரே அளவுகோலால்தான் அளக்கிறேன். சோதிக்க வேண்டிய கேள்வியை யார் எழுப்பியது? அதை அலுவலகம் எழுப்பி, உழவர் நிலத்தையும் உழைப்பையும் மட்டும் கொடுத்தால், அங்கே உழவர் பங்கேற்கவில்லை. இடம் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான்.

இது உலகத்தில் எங்கும் நடக்காத காரியமா என்றால், நடந்திருக்கிறது. இந்தோனேசியாவில் 1980-களில், பயிரின் சாற்றை உறிஞ்சும் புகையான் என்ற பூச்சி நெல்லைச் சூறையாடியது. மருந்து அடிக்க அடிக்கப் பெருகியது. ஏனென்றால் மருந்தில் முதலில் செத்தவை புகையானைத் தின்னும் சிலந்திகளும் மற்ற நன்மை செய்யும் பூச்சிகளும். 1986-இல் அந்நாட்டு அரசு நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்தது. 1989-இல் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் துணையோடு ஜாவாவில் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. பருவம் முழுவதும் வாரம் ஒரு நாள் காலையில் இருபத்தைந்து பேர் அளவில் ஒரே வயலில் கூடுவார்கள். செடியைப் பிடுங்கிப் பார்த்து, கண்ட பூச்சிகளைப் பெரிய தாளில் வரைவார்கள். அடுத்த வாரம் என்ன செய்வது என்பதைத் தங்களுக்குள் வாதாடி முடிவு செய்வார்கள். ‘சிலந்தி நல்லது’ என்று யாரும் வந்து பாடம் நடத்தவில்லை. ஒரு கண்ணாடிக் குடுவையில் சிலந்தியையும் புகையானையும் சேர்த்து விட்டு, எது எதைத் தின்கிறது என்று அவர்களே பார்த்தார்கள். புழு இலையைத் தின்றால் விளைச்சல் எவ்வளவு குறையும் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. அதனால் கத்தரிக்கோலால் இலையை வேண்டுமென்றே வெட்டிவிட்டு, பயிர் தேறி வருகிறதா என்று சோதித்தார்கள். இளம் பயிர் தேறி வந்ததைத் தன் கண்ணால் பார்த்தவர், கடைக்காரர் சொன்னார் என்பதற்காக மருந்து வாங்கப் போகமாட்டார்.

நம் மாநிலத்திலும் உழவர் வயல்வெளிப் பள்ளி என்ற பெயரில் இது வந்தது. சில இடங்களில் உயிரோடு நடந்தது. சில இடங்களில் வகுப்பாகச் சுருங்கிப்போனது, அதில் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

கொலம்பியாவில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 1990-இல் காவ்கா பகுதியில், அங்குள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை ஆய்வு மையத்தின் துணையோடு, ஊரே கூடித் தன் ஆய்வுக் குழுவைத் தேர்ந்தெடுக்கும் முறை தொடங்கியது. நான்கு பேர் கொண்ட குழு. எதைச் சோதிப்பது என்று ஊர் முடிவு செய்யும். முதல் முறை மிகச் சிறிய பாத்திகளில், தோற்றாலும் கை கடிக்காத அளவில் செய்வார்கள். தேறியதைப் பெரிய பரப்பில் மறுபடி பார்ப்பார்கள். பிறகு குழு ஊரின் முன்னால் நின்று கணக்குச் சொல்லும். விஞ்ஞானி துணைக்கு வருவார், தலைமை ஊருடையது.

நீங்கள் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். உங்கள் வேளாண் அறிவியல் நிலையம் ஒவ்வோர் ஆண்டும் உழவர் வயல்களில் ஆய்வுத் திடல்கள் போட வேண்டும். அது அவர்களுடைய கடமைகளில் ஒன்று. நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-இல் நம் பக்கத்துப் புதுச்சேரியில்தான் தொடங்கியது. அரை நூற்றாண்டு ஆகிவிட்டது, நாம் இன்னும் அந்த வாசலில் கூச்சத்தோடு நிற்கிறோம். அதன் அறிவியல் ஆலோசனைக் குழுவில் உழவர்களுக்கும் இடம் உண்டு. ‘அட்மா’ என்ற வேளாண் தொழில்நுட்ப மேலாண்மை முகமைத் திட்டத்தில் வட்டார அளவில் உழவர் ஆலோசனைக் குழு உண்டு. அந்த உறுப்பினர்கள் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நாற்பது பேரும் கூடி, உங்களை வாட்டும் ஒரே ஒரு சிக்கலை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு அவர்களிடம் கொடுங்கள். ‘குறுவை தாமதமானால் எந்த ரகம்’ என்பது போலக் குறிப்பாக இருக்கட்டும். பத்துச் சிக்கலை எழுதினால் பத்தும் கோப்பில் தூங்கும்.

கேள்வி: அரை ஏக்கரில் கத்தரி போட்டிருக்கிறேன். மீன் அமிலம் தயாரித்துத் தெளித்தேன். சென்ற ஆண்டைவிடக் காய்த்துளைப்பான் தாக்குதல் நன்றாகக் குறைந்திருக்கிறது. அலுவலரிடம் சொன்னால் “ஆதாரம் எங்கே?” என்கிறார். கண்ணால் பார்த்தது ஆதாரம் இல்லையா?
– வாசகி, ஒட்டன்சத்திரம்

பதில்: அவர் கேட்டது உங்களுக்குக் கசந்திருக்கும், அம்மா. ஆனால் அந்தக் கேள்வி உங்களுக்குப் பயன்படும் கேள்வி. சென்ற ஆண்டு மழை வேறு, வெயில் வேறு. பக்கத்துத் தோட்டத்தில் அப்போது கத்தரி இருந்ததா, இப்போது இருக்கிறதா? நாற்று ஒரே இடத்தில் வாங்கினீர்களா? மீன் அமிலம் தெளிக்கத் தொடங்கிய பிறகு தோட்டத்துக்கு அடிக்கடி போய்ப் புழு குடைந்த தண்டைக் கிள்ளி எறிந்தீர்களா? அதுவே பாதி வேலையைச் செய்திருக்கலாம். சென்ற ஆண்டையும் இந்த ஆண்டையும் ஒப்பிட்டால் இவை எல்லாம் கலந்துவிடும். ஒரே தோட்டத்தில், ஒரே நாளில், தெளித்த இடத்தையும் தெளிக்காத இடத்தையும் ஒப்பிட வேண்டும். அதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. முறை சொல்கிறேன்.

தோட்டத்தை ஆறு பட்டைகளாகப் பிரியுங்கள். ஒவ்வொரு பட்டையிலும் குறைந்தது ஆறு வரிசைச் செடிகள் இருக்கட்டும். பக்கத்துப் பக்கத்துப் பட்டைகள் இரண்டு ஒரு சோடி, ஆக மூன்று சோடிகள். ஒவ்வொரு சோடியிலும் எதற்கு மீன் அமிலம் என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்யுங்கள். நீங்களாகத் தேர்ந்தெடுத்தால், உங்களுக்கே தெரியாமல் நல்ல மண் உள்ள பக்கத்தைத் தேர்ந்துவிடுவீர்கள். நான் பார்த்த சோதனைகளில் அதிகம் கெட்டது இந்த ஒரு இடத்தில்தான். அதே சோடியின் மற்றொரு பட்டைக்கு வெறும் தண்ணீரை அதே அளவில், அதே நேரத்தில் தெளியுங்கள். இல்லாவிட்டால் பலன் மீன் அமிலத்தாலா, இலை நனைந்ததாலா என்று தெரியாது. உரம், களை, பாசனம் எல்லாப் பட்டைக்கும் ஒன்றுபோல் இருக்கட்டும். அந்துப்பூச்சியை வாசனையால் ஈர்த்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி வைத்தால் எல்லாப் பட்டைக்கும் வையுங்கள், அல்லது எதற்குமே வேண்டாம்.

ஒவ்வொரு பட்டையிலும் இரு ஓரத்து வரிசைகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள், பக்கத்துத் தெளிப்புச் சாரல் அங்கே விழும். நடு வரிசைகளின் காயை மட்டும் தனித்தனிக் கூடையில் பறியுங்கள். நல்ல காய் எத்தனை கிலோ, சொத்தைக் காய் எத்தனை கிலோ. எந்தக் கூடை எந்தப் பட்டையிலிருந்து வந்தது என்று தெரியாத ஒருவர் காயைத் தரம் பிரிக்கட்டும். உங்கள் மகனோ பக்கத்து வீட்டுப் பெண்ணோ போதும். நீங்கள் பிரித்தால் கை தானாகவே ஒரு பக்கம் சாயும். அது பொய் சொல்வது ஆகாது. நம்பிக்கை வைத்தவரின் கண் அப்படித்தான் பார்க்கும்.

எட்டுப் பறிப்புக்குக் கணக்கு எழுதுங்கள். தேதி, எடை, அன்று மழையா வெயிலா. மூன்று சோடியிலும் மீன் அமிலப் பட்டையே முந்தினால் உங்களிடம் ஒரு நல்ல தடயம் இருக்கிறது. இரண்டில் முந்தி ஒன்றில் பிந்தினால் இன்னும் முடிவு சொல்ல முடியாது என்று பொருள். அடுத்து, வேறு மண்ணும் வேறு தண்ணீரும் உள்ள மூன்று நான்கு தோட்டக்காரர்களிடம் கொடுத்துத் தலா ஒரு சோடிப் பட்டை போடச் சொல்லுங்கள். ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டில் 1990-களின் இறுதியில் இதையே ஒரு முறையாக வளர்த்தார்கள். ஊருக்கு நடுவில் எல்லாச் சோதனைகளையும் கொண்ட ஒரு ‘தாய்த் திடல்’. அதைச் சுற்றி உழவர்கள் தங்கள் நிலத்தில் தாங்கள் விரும்பிய இரண்டு மூன்றை மட்டும் போடும் ‘பிள்ளைத் திடல்கள்’. மக்காச்சோளத்தோடு துவரையைச் சேர்த்தால் மண் தேறுமா என்பது போன்ற கேள்விகளை அப்படித்தான் பார்த்தார்கள். தாய்த் திடலில் அளவு துல்லியமாகக் கிடைத்தது. அது ஏழை நிலத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பிள்ளைத் திடல்கள் காட்டின.

விதை ரகங்களுக்கு இன்னும் எளிய வழி ஒன்று உண்டு. பெயர் எழுதாத மூன்று விதைப் பொட்டலங்களை ஓர் உழவரிடம் கொடுப்பார்கள். எது சிறந்தது, எது மட்டம் என்று மட்டும் அவர் சொன்னால் போதும். நூற்றுக்கணக்கானவர்களின் இந்தச் சின்னச் சின்னத் தீர்ப்புகளைச் சேர்த்தால் எந்த நிலத்துக்கு எந்த ரகம் என்ற படம் கிடைத்துவிடும். இந்தியாவில் கோதுமை உழவர்களோடு இதைச் செய்திருக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் முழு ஆய்வாளராக இருக்கக்கூடிய முறை இது. அதனாலேயே எனக்கு இதன்மேல் தனிப் பிரியம்.

உங்கள் கணக்கு நோட்டோடு அதே அலுவலரிடம் மறுபடி போங்கள். அதற்கு முன்னால், மூன்றாவது பறிப்பின்போதே அவரைத் தோட்டத்துக்கு அழைத்து ஒரு கூடையை அவர் கையாலேயே எடை போடச் சொல்லுங்கள்.

கேள்வி: என் நெல் வயலில் வேறு மாதிரி இருந்த நான்கு கதிர்களைத் தனியே எடுத்து வைத்து, ஆறு பருவமாகப் பெருக்கி வருகிறேன். அரிசி சன்னம், பயிர் சாயவில்லை. ஒரு விதை வியாபாரி இரண்டு மூட்டை கேட்கிறார். ஓர் ஆராய்ச்சியாளரும் ‘மாதிரி கொடுங்கள்’ என்கிறார். கொடுக்கலாமா?
– ஓர் உழவர், செங்கம், திருவண்ணாமலை

பதில்: தம்பி, கொடுப்பதற்கு முன்னால் மகாராட்டிரத்தில் வாழ்ந்த தாதாஜி ராமாஜி கோப்ரகடே அவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். சந்திரப்பூர் மாவட்டம், நாந்தேடு என்ற சிற்றூர். ஒன்றரை ஏக்கர் நிலம், மூன்றாம் வகுப்புப் படிப்பு. 1983-இல் ‘படேல் 3’ என்ற நெல் வயலில் நிறம் மாறித் தெரிந்த கதிர்களை, உங்களைப் போலவே தனியே எடுத்து வைத்தார். பல ஆண்டு தேர்ந்து தேர்ந்து ஒரு சன்ன ரகத்தை உருவாக்கினார். அப்போது எல்லோரும் விரும்பிய கைக்கடிகாரத்தின் பெயரால் அதற்கு ‘எச்.எம்.டி.’ என்று பெயர் வந்தது. இன்றும் பல மாநிலங்களில் எச்.எம்.டி. அரிசி விற்கிறது. ஆராய்ச்சிக்கென்று அவரிடம் விதை வாங்கிப் போனவர்கள் அதைத் தூய்மைப்படுத்தித் தங்கள் வெளியீடாக அறிவித்தார்கள். தேசியப் புத்தாக்க நிறுவனத்தின் விருது அவருக்குக் கிடைத்தது, குடியரசுத் தலைவர் கையைக் குலுக்கினார். ஆனால் அந்த ரகம் ஈட்டிய செல்வத்தில் அவருக்குப் பங்கு வரவில்லை. 2018 ஜூனில், நோய்க்குச் செலவழிக்கவே குடும்பம் திணறிய நிலையில், இறந்தார். இதை எழுதும்போது இப்போதும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. அவர் தொடங்கிய காலத்தில் சட்டம் இல்லை. இப்போது உண்டு. பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைகள் சட்டம், 2001. உழவர் உருவாக்கிய ரகத்தை அவர் பெயரிலேயே பதிவு செய்யலாம். உழவர் ரகத்துக்குப் பதிவுக் கட்டணம் கிடையாது. பதிவானால் நெல்லுக்கு 15 ஆண்டு பாதுகாப்பு. தனித்தன்மை, சீர்மை, நிலைத்தன்மை என்ற மூன்றையும் சோதிப்பார்கள். சீர்மையில் உழவர் ரகத்துக்குச் சற்றுத் தளர்வும் உண்டு. விண்ணப்பத்தை நிரப்ப வேளாண் அறிவியல் நிலையமோ வேளாண்மைப் பல்கலைக்கழகமோ உதவ வேண்டும். தயங்காமல் கேளுங்கள். இதே சட்டத்தின் 39-ஆம் பிரிவு, பதிவான ரகங்களின் விதையைக்கூட உழவர் சேமிக்கவும் விதைக்கவும் பரிமாறவும் விற்கவும் உரிமை தருகிறது. வணிகப் பெயரிட்ட பையில் அடைத்து விற்பதுதான் கூடாது.

அதற்கு முன்னால் இந்தப் பருவத்தில் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வயலில் நின்றது புது வகையா, எங்கிருந்தோ கலந்து வந்த பழைய ரகமா என்று உறுதி செய்ய வேண்டும். நூறு நல்ல கதிர்களைப் பறித்து, ஒரு கதிரின் விதையை ஒரே வரிசையாக, குத்துக்கு ஒற்றை நாற்றாக நடுங்கள். பக்கத்தில் தாய் ரகத்தையும், உங்கள் பகுதியில் சன்ன அரிசிக்குப் பேர்போன இரண்டு ரகங்களையும் நடுங்கள். எந்த வரிசையில் உயரமோ பூக்கும் நாளோ மணியோ மாறித் தெரிகிறதோ அந்த வரிசையை முழுதாக நீக்குங்கள். மிச்சத்தைச் சேர்த்து அறுங்கள், அதுதான் உங்கள் மூல விதை. விதைத்த நாள், பாதிக் கதிர் வெளிவந்த நாள், உயரம், ஆயிரம் மணியின் எடை எல்லாம் நோட்டில் ஏறட்டும்.

வியாபாரிக்கு இப்போது வேண்டாம். ஆராய்ச்சியாளருக்குக் கொடுக்கலாம், நல்லவராகவே இருக்கலாம். ஆனால் எழுத்தில் கொடுங்கள்: எத்தனை கிலோ, எந்தத் தேதி, எதற்காக, வெளியிட்டால் யார் பெயரில். இரண்டு படிகள் எடுத்து இருவரும் கையெழுத்திட வேண்டும். நல்ல விஞ்ஞானி இதற்கு மனம் கோணமாட்டார்.

கேள்வி: எங்கள் ஊர் உழவர் ஆர்வலர் குழுவில் இருபது பேர். ஒரு பெண்கூட இல்லை. பட்டா கணவர் பெயரில் இருப்பதால் என்னைச் சேர்க்க முடியாது என்கிறார்கள். நாற்று நடுவதும் களை எடுப்பதும் நாங்கள்தானே?
– வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: உங்கள் ஆற்றுப் படுகையிலேயே நான் பார்த்ததைச் சொல்கிறேன். 2003-04-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தாமிரபரணிப் படுகையில் நூறு உழவர் வயல்களிலும் காவிரி டெல்டாவில் நூறு வயல்களிலும் ஒற்றை நாற்று நடவைச் சோதித்தது. பிறகு ‘திருந்திய நெல் சாகுபடி’ என்று பெயர் பெற்ற முறை அது. மடகாசுகரில் 1980-களில், ஹென்றி தெ லொலானியே என்ற பாதிரியார் அங்குள்ள உழவர்களோடு வயலில் நின்று கண்டுபிடித்தது. 14 நாள் நாற்று, குத்துக்கு ஒன்று, சதுர நடவு, காயவிட்டுப் பாய்ச்சுதல், களைக்கருவி உருட்டுதல். தாமிரபரணியில் எக்டருக்குச் சராசரி 7 டன்னுக்குச் சற்று மேல் வந்தது. வழக்கமான நடவில் ஐந்தரை டன் அளவு.

எங்கள் பக்கம் முதல் நாள் நடவுக்கு வந்த பெண்கள் நாற்றைப் பார்த்து மலைத்துப்போனார்கள். விரல் நீளம்கூட இல்லை. வேரை அலசிக் கட்டுக் கட்டாகக் கட்டும் பழைய வழக்கத்தில் அந்த நாற்று பிழைக்காது. நாங்கள் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு நடுகைக்காரப் பெண் வீட்டிலிருந்து பழைய சுளகை, அதாவது முறத்தை, கொண்டுவந்தார். நாற்றங்கால் மண்ணோடு அடை போலப் பெயர்த்து, சுளகில் வைத்து வயலுக்குக் கொண்டுபோனார். வேர் அசையவில்லை. மறுநாள் பத்துச் சுளகு வந்தது. அந்தப் பெண்ணின் பெயர் எங்கள் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. நில உரிமையாளரின் பெயர் ஏறியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். களைக்கருவி வந்ததும் களையெடுப்பு ஆண்கள் கைக்கு மாறியது. கருவி கனம், சேற்றில் தள்ளுவது கடினம். ‘களைச் செலவு மிச்சம்’ என்று எழுதினோம். அந்த மிச்சம் யாருடைய கூலியாக இருந்தது என்று எழுதவில்லை. குழுவில் உங்களைப் போன்ற பெண்கள் நால்வர் இருந்திருந்தால், பெண்கள் தள்ளக்கூடிய இலேசான கருவி வேண்டும் என்ற கேள்வி முதல் பருவத்திலேயே எழுந்திருக்கும்.

பட்டா இல்லாதவரைச் சேர்க்க முடியாது என்று எந்த விதி சொல்கிறது என எழுத்தில் கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள், நடவு நடும் பத்துப் பேரோடு போங்கள்.

கேள்வி: எங்கள் தொண்டு நிறுவனத்துக்கு உழவர் புதுமைகளை ஊக்குவிக்க இரண்டு லட்சம் ரூபாய் கிடைத்திருக்கிறது. சிறந்த கண்டுபிடிப்பாளருக்குப் பரிசாகக் கொடுக்கலாமா?
– களப்பணியாளர், ராமநாதபுரம்

பதில்: பரிசு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஒருவர் மேடையேறுவார், மற்றவர்கள் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். தானாகப் பேசும் உழவர் பரிசுக்காக வாயை மூடிக்கொள்வதையும் பார்த்திருக்கிறேன்.

ஆப்பிரிக்காவில் புர்கினா ஃபாசோ நாட்டின் யாத்தெங்கா பகுதியில் யாகுபா சவடோகோ என்ற உழவர் இருந்தார். 1980-களின் தொடக்கத்தில் பஞ்சம் வந்து ஊரே காலியானபோது அவர் போகவில்லை. இறுகிப்போன மண்ணில் குழி தோண்டி விதைப்பது அங்கே பழைய வழக்கம், ‘ஸாய்’ என்பார்கள். அவர் குழியை அகலமாகவும் ஆழமாகவும் ஆக்கி, மழைக்கு முன்பே, கோடையிலேயே எருவும் சருகும் போட்டு வைத்தார். எருவைத் தேடிக் கரையான் வந்தது. கரையான் துளைத்த வழியே மழைநீர் உள்ளே இறங்கியது. சோளமும் கம்பும் விளைந்தன, எருவோடு வந்த விதைகளிலிருந்து மரங்களும் முளைத்தன. பைத்தியம் என்றார்கள், அவர் வளர்த்த மரங்களுக்குத் தீ வைத்தார்கள். அவர் செய்த அடுத்த காரியம்தான் உங்களுக்கு வேண்டியது. 1984 முதல் ஆண்டுக்கு இருமுறை தன் நிலத்திலேயே சந்தை கூட்டினார். சுற்று வட்டார உழவர்கள் விதையோடும் தங்கள் அனுபவத்தோடும் வந்தார்கள். 2018-இல் உலகம் அவருக்கு ‘வாழ்வுரிமை விருது’ கொடுத்தது. அதற்கு முப்பது ஆண்டு முன்னாலேயே அவர் முறை ஊர் ஊராகப் போய்விட்டது.

நம் நெல் ஜெயராமன் செய்ததும் இதுவே. திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா கூட்டி, வந்தவருக்கு இரண்டு கிலோ பாரம்பரிய விதை கொடுத்தார். அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. அவர் 2018-இல் மறைந்தார், விதை இன்னும் கை மாறிக்கொண்டிருக்கிறது.

உங்கள் இரண்டு லட்சத்தை இப்படிப் பிரியுங்கள் என்பேன். ஒன்றேகால் லட்சத்தை, ஒருவருக்கு ஐயாயிரம் வீதம் இருபத்தைந்து சிறு சோதனைகளுக்குக் கொடுங்கள். மிளகாய் வயலில் உவரை எப்படித் தாங்குவது, கண்மாய்த் தண்ணீர் வற்றினால் கடைசி ஒரு தண்ணீருக்கு என்ன வழி என்பது போல உழவர்களே எழுதிக் கேட்டவையாக இருக்கட்டும். யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்யும் குழுவில் பாதிக்கு மேல் உழவர்கள், அதிலும் மானாவாரிக்காரர்களும் பெண்களும் இருக்க வேண்டும். ‘புரோலின்னோவா’ என்ற பன்னாட்டு வலையமைப்பு பல நாடுகளில் இத்தகைய உள்ளூர்ப் புத்தாக்க நிதியை இந்த வழியில்தான் நடத்தி வருகிறது. நாற்பதாயிரத்தை நட்டம் ஈடுகட்ட ஒதுக்குங்கள். சோதனைப் பாத்தியில் விளையாமல் போனால் அந்தப் பாத்தியின் வழக்கமான விளைச்சலுக்கு ஈடாகக் கொடுத்துவிடுங்கள். ஏழை உழவர் சோதிக்க அஞ்சுவது அறியாமையால் இல்லை, ஒரு பருவம் தவறினால் வட்டி ஏறும் என்பதால். மிச்சத்தில் நல்ல தராசு, நோட்டு, மழைமானி, பிறகு அறுவடைக்குப் பின் இரண்டு நாள் கூட்டம்.

அந்தக் கூட்டத்தில் தோற்ற சோதனைகளை முதலில் பேசவையுங்கள். யார் எதைச் செய்து எதில் தவறியது என்று தெரிந்தால் அடுத்தவர் அதே குழியில் விழமாட்டார். இன்னொன்று: ஐம்பது ரூபாய்க் கயிற்றுக்கு ரசீது கேட்காதீர்கள். நிதி கொடுத்தவர் கேட்டால், ஊர்க் கூட்டம் ஏற்றுக்கொண்ட கணக்கே ரசீது என்று முன்கூட்டியே பேசி எழுதி வாங்குங்கள்.

கேள்வி: வேளாண்மைக் கல்லூரியில் முதுநிலை படிக்கிறேன். உழவர் வயல்களிலேயே ரகத் தேர்வு ஆய்வு செய்ய ஆசை. ‘உழவர் வயலில் தரவு சுத்தமாக வராது’ என்று சொல்லி எல்லோரும் தடுக்கிறார்கள். என்ன செய்வது?
– மாணவர், கிள்ளிகுளம்

பதில்: தரவு கலங்கலாகத்தான் வரும், தம்பி. வயல்களே அப்படித்தான் இருக்கின்றன. ஒரு வயலில் மூன்று மறுமுறை, அதாவது அதே சோதனையை மூன்று இடத்தில், போடுவதற்குப் பதிலாக முப்பது வயல்களில் ஒவ்வொரு முறை போடுங்கள். புள்ளியியல் ஆசிரியரிடம் வயலையே மறுமுறையாகக் கொண்டு கணக்கிடும் வழியைக் கேளுங்கள், அதற்கு முறை இருக்கிறது.

உங்களைத் தடுப்பவர்களிடம் சிரியாவைப் பற்றிச் சொல்லுங்கள். அங்கே வறண்ட பகுதி ஆய்வுக்கான பன்னாட்டு மையத்தில் சால்வத்தோரே செக்கரெல்லி என்ற இத்தாலிய விஞ்ஞானி, 1990-களில் வாற்கோதுமைத் தேர்வை உழவர் வயலுக்கே கொண்டுபோனார். அவரும் தேர்ந்தெடுத்தார், உழவர்களும் தேர்ந்தெடுத்தார்கள். விளைச்சலை அளந்தபோது உழவர்களின் தேர்வு எந்த வகையிலும் குறைந்ததாக இல்லை. வறட்சி ஆண்டிலும் உயரமாக வளரும் வகையை அவர்கள் நாடினார்கள், ஆடுகளுக்குத் தின்னத் தட்டை வேண்டுமே. அதைப் படித்த நாளில் எனக்குத் தாமிரபரணிக் கரையில் வைக்கோல் போதாமல் போன அந்த உழவர் ஞாபகம் வந்தார்.

உழவர்கள் சொல்வதெல்லாம் சரி என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். மூன்று மருந்தை ஒரே தொட்டியில் கலந்து அடித்துவிட்டு, அதைத் தன் கண்டுபிடிப்பு என்று பெருமையோடு சொன்னவரைப் பார்த்திருக்கிறேன். அவருக்கு மயக்கம் வந்து படுத்த பிறகுதான் நிறுத்தினார். அப்படிப்பட்ட இடத்தில் உங்கள் படிப்பு வேண்டும், உடனே வேண்டும்.

தொடங்கும்போது ரகங்களின் பட்டியலோடு போகாதீர்கள். நல்ல நெல் என்றால் என்ன என்று முதலில் கேளுங்கள். ஆண்களிடம் தனியே, பெண்களிடம் தனியே, கூலிக்கு அறுக்கிறவர்களிடம் தனியே கேளுங்கள். மூன்று பட்டியலும் ஒன்றாக இருக்காது. அந்தப் பட்டியலை வைத்து அவர்களே மதிப்பெண் போடட்டும். ஆய்வேட்டை எழுதி முடித்ததும், கட்டுவதற்கு முன்னால், ஊரில் ஒரு மாலை தமிழில் வாசித்துக் காட்டுங்கள். தவறான இடத்தில் நிறுத்துவார்கள், அந்த இடத்தைத் திருத்திவிட்டுக் கட்டுங்கள்.

அறுவடை நாளில் நீங்கள் கட்டாயம் களத்தில் நிற்க வேண்டும். உங்கள் பக்கம் பிசான அறுவடை மாசி பங்குனியில் வரும். தேர்வு அட்டவணை அதோடு மோதுகிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள்.